கணினியில் பாட்டு போனது, ஐபாடில் மட்டும் இருக்கிறது: திரும்ப எடுக்கும் முறை

கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, அல்லது புதுக் கணினிக்கு மாறும்போது பாட்டு ஃபோல்டரை நகலெடுக்க மறந்துவிட்டீர்கள். வருடக்கணக்காகச் சேர்த்தது எல்லாம் இப்போது அலமாரியில் கிடக்கும் பழைய ஐபாடில் மட்டும்தான். சொருகினால் ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸ் பாட்டை ஐபாடுக்கு அனுப்பத் தயாராக இருக்கிறது. திருப்பி எடுக்க மட்டும் பட்டன் இல்லை. ஆப்பிளின் இணையக் கடையில் வாங்கியவற்றை மாத்திரம் மாற்றித் தரும். சிடியிலிருந்து எடுத்தவை, வேறு இடத்தில் வாங்கியவை எதையும் தொடாது.

ஆனால் பாட்டு ஐபாடுக்குள் சாதாரண ஃபைலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. எடுத்துவிடலாம், காசும் அநேகமாக ஆகாது. இந்த வேலையில் பாட்டு தொலைவது பெரும்பாலும் அவசரத்தில் அழுத்திய ஒரு பட்டனால்தான். ஆகவே கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே விதி: முழு நகல் கைக்கு வரும்வரை ஐபாடில் எதையும் எழுதவோ, அழிக்கவோ, ‘சரிசெய்யவோ’ கூடாது.

1. சொருகுவதற்கு முன் ஐபாடின் திரையைப் பாருங்கள்

செட்டிங்ஸ் மெனுவில் ‘அபவுட்’ பகுதியைத் திறங்கள். பாடல்களின் எண்ணிக்கை, மொத்தக் கொள்ளளவு, மீதமுள்ள இடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் சரிபார்க்க இந்த எண்கள்தான் துணை.

எண்ணிக்கை வழக்கம்போல் இருந்தால் 2ஆம் படியிலிருந்து வரிசையாகப் போகலாம்.

பாடல்கள் 0 என்று காட்டி, மீதமுள்ள இடமும் மிகக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். பாட்டு அப்படியே இருக்கிறது. பாட்டுகளின் பட்டியலை வைத்திருக்கும் தரவுத்தளம் மட்டும் கெட்டுப்போயிருக்கிறது. ஐடியூன்ஸில் சொருகினால் அத்தனை இடமும் ‘அதர்’ என்ற பெயரில் தெரியும். இதுவும் 2ஆம் படியிலிருந்து போகும் கதைதான்.

பாடல்கள் 0, இடமும் முழுக்கக் காலி என்றால் உண்மையிலேயே அழிக்கப்பட்டிருக்கிறது. உடனே சிங்க் (கணினியின் பாட்டு நூலகத்தோடு ஐபாடை ஒத்திசைப்பது) செய்வதை நிறுத்திவிட்டு 8ஆம் படிக்குப் போங்கள்.

ஐபாடைக் காதில் வைத்தால் சீராக ‘டிக், டிக்’ என்று கேட்கிறதா? பாடும்போது நடுநடுவே உறைந்து நிற்கிறதா? அப்படியானால் இனி அதில் ஒரு பாட்டுகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். நேராக 9ஆம் படி.

2. கையில் இருக்க வேண்டியவை

கேபிள்: 30 முள் கேபிளில் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு ரகங்கள் உண்டு. சார்ஜ் ஏறுகிறது, கணினிக்கு மட்டும் ஐபாட் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். முதல் இரண்டு தலைமுறை ஐபாடுகளுக்கு ஃபயர்வயர் (யூஎஸ்பி போன்ற ஒரு பழைய இணைப்பு) துளை மட்டும்தான். 5ஆம் தலைமுறைக்கு ஃபயர்வயரில் சார்ஜ் ஏறும், ஃபைல் போகாது. 7ஆம் தலைமுறை நானோவுக்கு லைட்னிங் கேபிள். ஷஃபிளில் முதல் மாடல் நேராக யூஎஸ்பியில் சொருகும்; அதற்குப் பின் வந்தவற்றுக்கு ஹெட்ஃபோன் துளையில் போகும் தனிக் கேபிள் அல்லது டாக் வேண்டும். யூஎஸ்பி ஹப் வழியாகச் சொருகாமல் கணினியிலேயே நேராகச் சொருகுங்கள்.

இடம்: ஐபாடில் இருக்கும் பாட்டின் அளவைப்போல் இரண்டு மடங்கு. ஒரு மடங்கு தொடாமல் வைக்கும் மூல நகலுக்கு, இன்னொன்று பெயர் மாற்றி அடுக்குவதற்கு. 60 ஜிபி பாட்டு இருந்தால் 120 ஜிபி காலியாக வேண்டும்.

ஆவணம்: வாங்கிய பாடல்கள் உண்டென்றால் அன்று பயன்படுத்திய ஆப்பிள் ஐடி, அதன் கடவுச்சொல், அந்த ஐடிக்கான மின்னஞ்சலைத் திறக்கும் வழி. பழைய மின்னஞ்சல் முகவரி இன்று உயிரோடு இல்லையென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். மற்ற வேலைகள் ஒரு நாளில் முடியும், இது இழுக்கும்.

நேரம்: ஹார்ட் டிஸ்க் ஐபாடுகள் நடைமுறையில் நொடிக்கு 10 முதல் 20 எம்பி வரை தரும். 15 என்று வைத்துக்கொண்டால் 30 ஜிபிக்கு அரை மணி, 80 ஜிபிக்கு ஒன்றரை மணி, 160 ஜிபிக்கு மூன்று மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். பேட்டரி அடியோடு வடிந்திருந்தால் திரை எழவே அரை மணி நேரம் ஆகலாம். செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

3. தானாக சிங்க் ஆவதைத் தடுங்கள்

எல்லாவற்றிலும் கவனமாகச் செய்ய வேண்டிய படி இதுதான். புதுக் கணினியில் ஐடியூன்ஸ் நூலகம் காலி. ஐபாட் இன்னொரு நூலகத்தோடு இணைந்தது, அழித்துவிட்டு இதனோடு சிங்க் செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வரும். ‘இரேஸ் அண்ட் சிங்க்’ அழுத்தினால் காலி நூலகத்தின் நகலாக ஐபாடும் காலியாகும். அழுத்த வேண்டியது ‘கேன்சல்’.

பெட்டியே வராமல் இருக்க: விண்டோஸில் ஷிஃப்ட், கண்ட்ரோல் இரண்டையும், மேக்கில் கமாண்ட், ஆப்ஷன் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி ஐபாடைச் சொருகுங்கள். ஐடியூன்ஸின் இடப்பக்கப் பட்டியில் ஐபாடின் பெயர் தெரிந்த பிறகே விரலை எடுக்க வேண்டும். அதற்குமுன் ஐடியூன்ஸின் பிரிஃபரன்ஸஸில் ‘டிவைசஸ்’ பக்கத்தில் தானியங்கி சிங்கைத் தடுக்கும் கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள்.

இதைவிடப் பாதுகாப்பான வழி, ஐடியூன்ஸ் நிறுவப்படாத ஒரு விண்டோஸ் கணினியில் சொருகுவது. அங்கே சிங்க் செய்ய ஆளே இல்லை. ஐபாட் வெறும் டிஸ்காகத் தெரியும். முடிந்தால் இதையே செய்யுங்கள்.

இந்த இடத்தில் இன்னும் மூன்று பெட்டிகள் வரக்கூடும். மூன்றுக்கும் பதில் ‘வேண்டாம்’.

‘டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் சொன்னால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. மேக்கில் முதன்முதலாக அமைத்த ஐபாட் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற, ஃபைல்களை டிஸ்கில் அடுக்கும் ஆப்பிள் முறையில் இருக்கும். விண்டோஸுக்கு அந்த முறை புரியாது, அவ்வளவுதான். விண்டோஸில் அமைத்தது ஃபேட்32. அதை மேக்கும் படிக்கும்.

‘ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா’ என்று கேட்டால் அதுவும் வேண்டாம். அது சங்கிலி அறுந்த ஃபைல்களை வெட்டி, பொருளற்ற பெயரிட்ட துண்டுகளாக்கி ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும்.

ரிக்கவரி மோடில் இருக்கிறது, ‘ரீஸ்டோர்’ செய்யுங்கள் என்று ஐடியூன்ஸ் சொல்லலாம். ரீஸ்டோர் என்றால் ‘மீட்டெடுப்பு’ என்று பலர் நினைத்து அழுத்திவிடுகிறார்கள். அது மீட்பது ஐபாடின் மென்பொருளைத்தான், பாட்டை அழிக்கும்.

4. டிஸ்க்காகத் தெரிய வையுங்கள்

சொருகியதும் டிரைவாகத் தெரிந்தால் இந்தப் படியைத் தாண்டுங்கள்.

தெரியாவிட்டால் ஐபாடை டிஸ்க் மோடுக்கு, அதாவது வெறும் டிஸ்காக மட்டும் இயங்கும் நிலைக்கு, மாற்ற வேண்டும். கிளிக் வீல் உள்ள மாடல்களில் முதலில் ஹோல்ட் சுவிட்சை ஒருமுறை போட்டு எடுங்கள். மெனு பட்டனையும் நடுப் பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை, சுமார் 6 முதல் 8 நொடி பிடியுங்கள். சின்னம் வந்த கணமே விரலை மாற்றி, நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முதல் மூன்று தலைமுறைகளில் மெனுவும் பிளேயும் சேர்த்து, பிறகு முன், பின் பட்டன்கள் இரண்டும். விரல் மாற்றுவதில் நொடி தவறினால் சாதாரணமாகவே கிளம்பிவிடும். இரண்டு மூன்று முயற்சி ஆவது சகஜம்.

திரையில் ‘டூ நாட் டிஸ்கனெக்ட்’ என்ற எழுத்து இருக்கும்வரை கேபிளைப் பிடுங்காதீர்கள். முடிந்ததும் கணினியில் ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே எடுங்கள்.

மேக்கில் அமைத்த ஐபாட், கையில் விண்டோஸ் மட்டும் என்றால் இரண்டு வழி. எச்எஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச மென்பொருளால் விண்டோஸிலேயே படிக்கலாம். அல்லது பென் டிரைவில் இருந்து லினக்ஸை நேரடியாகக் கிளப்பிச் சொருகலாம். ஜர்னலிங் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் வசதி) உள்ள எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்கை லினக்ஸ் பொதுவாகப் படிக்க மட்டுமே திறக்கும், எழுதாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

5. மறைந்திருக்கும் ஃபோல்டரை நகலெடுங்கள்

டிரைவைத் திறந்தால் நாட்காட்டி, தொடர்புகள், நோட்ஸ் போன்ற ஃபோல்டர்கள் மட்டும் தெரியும். பாட்டு இருக்கும் ‘ஐபாட் கண்ட்ரோல்’ ஃபோல்டர் மறைத்து வைக்கப்பட்டது. மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். விண்டோஸில் ‘வியூ’ மெனுவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்யுங்கள்.

அதற்குள் ‘மியூசிக்’. அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாகப் பல ஃபோல்டர்கள், பெரிய ஐபாடுகளில் எஃப்49 வரைகூட. ஒன்றைத் திறந்தால் நான்கு எழுத்துக் குப்பையாகப் பெயர்கள்: க்யூஎக்ஸ்விடி, ஜேஎல்கேபி என்கிற மாதிரி. ஒரே ஆல்பத்தின் பத்துப் பாட்டும் பத்து ஃபோல்டரில் சிதறிக் கிடக்கும். கெட்டுப்போனது அல்ல; ஐடியூன்ஸ் அப்படித்தான் போடும். உண்மையான பெயர், பாடகர், ஆல்பம் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே டேகாக, அதாவது ஒட்டிய விவரக் குறிப்பாக, இருக்கின்றன.

மியூசிக் ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஐபாட் கண்ட்ரோல் முழுவதையும் எடுங்கள். அதற்குள் உள்ள ‘ஐடியூன்ஸ்’ ஃபோல்டரில்தான் பிளேலிஸ்ட், ரேட்டிங், எத்தனை முறை கேட்டீர்கள் என்ற கணக்கு எல்லாம் இருக்கின்றன. சில எம்பிதான் வரும். இதை விட்டுவிட்டு ஐபாடை அழித்த பிறகு ஞாபகம் வந்தால் பயனில்லை.

நகலெடுக்கும்போது வரும் தொல்லைகள்:

நகல் முடிந்தது, ஆனால் கணினியில் ஃபோல்டரைக் காணோம். மறைத்த குறி நகலோடும் ஒட்டிக்கொண்டு வரும். விண்டோஸில் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘ஹிடன்’ டிக்கை எடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தட்டும் என்று கொடுங்கள்.

மேக்கிலிருந்து ஃபேட் அல்லது எக்ஸ்ஃபேட் டிஸ்குக்கு நகலெடுத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த, சில கேபி அளவுள்ள இன்னொரு ஃபைல் முளைக்கும். அது பாட்டல்ல. நகலில் மட்டும் தேடி அழித்துவிடுங்கள்.

ஒரு ஃபைலில் பிழை வந்து மொத்த நகலும் நின்றுவிட்டால், ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். எஃப்00 முதல் பத்துப் பத்தாக எடுத்தால் எங்கே சிக்குகிறது என்று தெரியும். ஒரே ஃபைல் இரண்டு முறை சிக்கினால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். அதற்காக டிஸ்கை அரைக்க வைக்காதீர்கள். நாலைந்துக்கு மேல் சிக்கினால் டிஸ்க் தேய்கிறது, 9ஆம் படிக்குப் போகவும்.

முடிந்ததும் மியூசிக் ஃபோல்டரில் எத்தனை ஃபைல் என்று எண்ணி, முதலில் தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பாட்காஸ்ட், வீடியோ இருந்தால் ஃபைல் எண்ணிக்கை கூடுதலாக வரும். குறைவாக வந்தால் மறுபடி பாருங்கள். சரியாக இருந்தால் இந்த நகலை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அதன் நகலில்தான் அடுத்த வேலை.

6. பெயர் வைத்து அடுக்குதல்

இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. ஐடியூன்ஸ் அல்லது மேக்கின் மியூசிக் செயலியில் இரண்டு அமைப்புகள் உண்டு: சேர்க்கும் ஃபைல்களை மீடியா ஃபோல்டருக்கு நகலெடுப்பது, மீடியா ஃபோல்டரை ஒழுங்காக வைத்திருப்பது. இரண்டையும் டிக் செய்துவிட்டு மியூசிக் ஃபோல்டரை இழுத்துப் போடுங்கள். டேகைப் படித்து, பாடகர், ஆல்பம் என்று ஃபோல்டர் கட்டி, பாட்டின் பெயரையும் ஃபைலுக்கு வைத்துவிடும். ஐபாட் இப்போது சொருகியிருக்கக் கூடாது. ஐடியூன்ஸ் வேண்டாம் என்பவர்கள் எம்பி3டேக் மென்பொருளில் டேகிலிருந்து ஃபைல் பெயர் உருவாக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

மீதி விழுபவை சில வகை. பல பாடகர்கள் பாடிய தொகுப்பு ஆல்பம் இருபது ஃபோல்டராகச் சிதறினால், அந்தப் பாடல்களை மொத்தமாகத் தேர்ந்து ‘கம்பைலேஷன்’ டிக் செய்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் ஒரே பெயர் கொடுங்கள். வேவ் ஃபைல்களில் பெரும்பாலும் டேக் இருக்காது. பெயர் ஐபாடின் தரவுத்தளத்தில் மட்டும்தான் இருக்கும். டேக் இல்லாதவற்றை மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் என்ற இலவச மென்பொருளில் போட்டால் ஒலியின் கைரேகையை வைத்து அடையாளம் காணும். பரவலாக வெளியான ஆல்பங்களுக்கு நன்றாக வேலை செய்யும். வீட்டில் பதிவு செய்ததை எதுவும் கண்டுபிடிக்காது, கேட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும்.

தமிழிலோ வேறு எழுத்திலோ பெயர் வைத்திருந்தால் ஒரு குறிப்பு. பெயர் கோணல்மாணல் எழுத்தாகத் தெரிந்தால் நல்லது, என்கோடிங் (எழுத்தைக் குறியாக்கும் முறை) மாற்றினால் திரும்ப வரும். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் எழுத்தே போய்விட்டது, புதிதாகத்தான் தட்ட வேண்டும்.

ஆல்பம் படங்கள் முழுதாக வராது. ஐடியூன்ஸ் தானாகத் தேடி எடுத்த படம் ஃபைலுக்குள் இருந்ததில்லை, பழைய கணினியில்தான் இருந்தது. ஐபாடில் இருப்பது அதன் சுருங்கிய வடிவம். அதை மீட்க மெனக்கெடுவதைவிடப் புதிதாக இறக்குவது எளிது.

7. பிளேலிஸ்டும் ரேட்டிங்கும், பூட்டிய பாடல்களும்

இவை வேண்டாம் என்றால் இந்தப் படி தேவையில்லை. வேண்டுமென்றால் ஐபாடின் தரவுத்தளத்தைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். லினக்ஸில் ரிதம்பாக்ஸ், ஜிடிகேபாட் இரண்டும் இலவசம். விண்டோஸில் ஃபூபார்2000 என்ற பிளேயருக்கு ஐபாட் மேனேஜர் என்ற இணைப்பு உண்டு. கட்டண மென்பொருள்களில் ஐமேசிங், காப்பிடிரான்ஸ் பெயர் பெற்றவை. கட்டணம் கொடுக்கும் முன் சோதனைப் பதிப்பில் உங்கள் ஐபாடின் பிளேலிஸ்ட் பெயர்கள் திரையில் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் காசு கொடுத்தாலும் வராது. சேர்த்த தேதி மட்டும் பெரும்பாலும் இன்றைய தேதியாக மாறிவிடும்.

எம்4பி என்று முடியும் ஃபைல்கள் ஆப்பிள் கடையில் நகல் தடுப்புப் பூட்டோடு விற்கப்பட்டவை. 2009இல் பூட்டு எடுக்கப்பட்டது. அதற்கு முந்திய பாடல்களில்தான் இந்தத் தொல்லை. வாங்கிய ஆப்பிள் ஐடியால் கணினியை ‘ஆதரைஸ்’ (அனுமதிப் பதிவு) செய்தால்தான் பாடும். ஒரு ஐடிக்கு 5 கணினி வரைதான். செத்துப்போன பழைய கணினிகளும் அந்தக் கணக்கில் இருக்கும். 5 நிரம்பிவிட்டால் கணக்குப் பக்கத்தில் ‘டீஆதரைஸ் ஆல்’ கொடுத்து, இப்போதுள்ளதை மட்டும் மறுபடி சேருங்கள். அதே ஐடியில் ‘பர்ச்சேஸ்டு’ பட்டியலையும் பாருங்கள்: இன்னும் விற்பனையில் உள்ள பாட்டைப் பூட்டில்லாமல் மறுபடி இறக்க வாய்ப்பு உண்டு.

8. ஏற்கெனவே அழிந்துவிட்டதென்றால்

இரேஸ் அண்ட் சிங்க், ரீஸ்டோர், ஃபார்மேட் எதுவானாலும், ஹார்ட் டிஸ்க் ஐபாடில் அழிவது பெரும்பாலும் அட்டவணைதான். பாட்டு இருந்த இடத்தில் பழைய பைட்டுகள் அப்படியே கிடக்கும். அதன்மேல் புதுப் பாட்டு ஏறினால் மட்டுமே போய்விடும். காலி நூலகத்தோடு சிங்க் ஆகியிருந்தால் அநேகமாக எல்லாமே கிடைக்கும். அழிந்த பிறகு 40 ஜிபி புதிதாக ஏற்றியிருந்தால் அந்த 40 ஜிபிக்கு அடியில் இருந்தது போனது போனதுதான்.

முதலில் முழு டிஸ்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக (டிஸ்கின் அச்சு அசல் நகலாக) எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இதற்கு ஏற்றது. பாட்டு எவ்வளவு என்பது இங்கே கணக்கல்ல; 80 ஜிபி ஐபாடுக்கு 80 ஜிபி இமேஜ், மீட்டவற்றுக்குத் தனியாக இடம். பிறகு ஐபாடைக் கழற்றி வைத்துவிட்டு, இமேஜின் மேல் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். பெயரைப் பார்த்துப் படத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பாட்டையும் மீட்கும், இலவசம்.

அதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஃபைல் வகைகளில் எம்பி3 மட்டும் தேர்ந்தால் எம்4ஏ பாடல்கள் வராது. அவை ‘எம்ஓவி’ (mov) என்ற வீடியோ வகைக்குள் அடங்கும், அதையும் தேர்வு செய்யுங்கள். எச்எஃப்எஸ் பிளஸ் என்றால் காலி இடத்தை மட்டும் தேடாமல் ‘ஹோல்’ (முழுவதும்) கொடுங்கள். இமேஜில் பார்ட்டிஷன் (டிஸ்கின் பிரிவு) எதுவும் தெரியாவிட்டால், செக்டர் (டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) அளவைப் பாருங்கள்: பெரிய ஐபாடுகள் சில 512க்குப் பதில் 2048 அல்லது 4096 பைட் செக்டர் என்று கணினிக்குச் சொல்பவை. ‘ஜியாமெட்ரி’ மெனுவில் அதை மாற்றினால் தெரியும்.

மீண்டு வரும் ஃபைல்களுக்குப் பெயர் இருக்காது. மற்ற டிஸ்குகளில் இது பெரிய இழப்பு. ஐபாடில் பெயர் எப்போதுமே குப்பைதான் என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை, டேக் உள்ளேயே இருக்கும். 6ஆம் படியைச் செய்தால் போதும். அதற்குமுன் 500 கேபிக்குக் கீழ் உள்ளவற்றைத் தனியே ஒதுக்குங்கள், பெரும்பாலும் துண்டுகள்.

ஒரே மூச்சில் ஏற்றப்பட்ட நூலகம் சுத்தமாக மீளும். வருடக்கணக்கில் போட்டும் எடுத்தும் வந்த ஐபாடில் ஒரு பாட்டு டிஸ்கில் பல இடங்களில் துண்டாகக் கிடக்கும்; அப்படிப்பட்டவை நடுவில் வேறு பாட்டுக்குத் தாவும். முதல் அரை நிமிடம் கேட்டுவிட்டு சரி என்று விடாதீர்கள், நடுவிலும் கடைசியிலும் தொட்டுப் பாருங்கள்.

9. டிக் டிக் சத்தம்

டிஸ்க் தேய்கிறது என்பதற்கு இது அறிகுறி. 8ஆம் படியில் சொன்னபடி முழு டிஸ்கையும் டிடிரெஸ்க்யூவால் இமேஜாக எடுங்கள். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டி, நல்ல இடங்களை மட்டும் அள்ளச் சொல்லுங்கள். எதுவரை படித்தாயிற்று என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள். அது இருந்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுத்த சுற்றில் கெட்ட இடங்களுக்கு மூன்று முயற்சி. டிஸ்க் கையில் சுடுகிற அளவுக்குப் போனால் நிறுத்தி ஆற விடுங்கள். ஃப்ரீசரில் வைக்கும் யோசனை இன்னும் உலவுகிறது. உள்ளே ஈரம் படிந்து மிச்சமும் போகும், செய்யாதீர்கள். டிஸ்க் சுழலவே இல்லையென்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. டேட்டா மீட்பு நிலையத்துக்குக் கொடுப்பதானால், மீளாவிட்டால் கட்டணம் உண்டா, பார்த்துச் சொல்வதற்கே தனிக் கட்டணமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

10. ஐபாட் டச், மற்ற பிளேயர்கள்

டச் மாடல் டிஸ்காகத் தெரியாது. 7ஆம் படியில் சொன்ன கட்டண மென்பொருள்களில் ஒன்றுதான் எளிய வழி. டச்சின் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கணினியிலிருந்து சிங்க் செய்த பாட்டு அந்த பேக்கப்பில் சேராது.

எம்டிபி முறையில் (டிஸ்காக அல்லாமல் மீடியா சாதனமாக) இணையும் பிளேயர்களில் பாட்டை நேராக இழுத்துப் போட்டு எடுக்கலாம். ஆனால் அழிந்ததை மீட்கும் மென்பொருளுக்கு அவை டிஸ்காகத் தெரிய வேண்டும். சில மாடல்களின் அமைப்புகளில் யூஎஸ்பி முறையை எம்எஸ்சிக்கு (டிஸ்காகத் தெரியும் முறைக்கு) மாற்ற முடியும். மாற்றியதும் பாட்டெல்லாம் மறைந்ததுபோல் இருந்தால் பயப்படாதீர்கள்: ஒரு முறையில் ஏற்றியது மறு முறையில் தெரியாத பிளேயர்கள் உண்டு, திரும்ப மாற்றினால் வந்துவிடும். பழைய சோனி பிளேயர்கள் சிலவற்றில் பாட்டு ஓஎம்ஏ என்ற வடிவில் பூட்டப்பட்டிருக்கும். வெறும் நகல் வேறெங்கும் பாடாது.

ஐபாடை மறுபடி புது நூலகத்தோடு சிங்க் செய்வது கடைசியில்தான். மூல நகல் இரண்டு வெவ்வேறு டிஸ்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்போது ‘இரேஸ் அண்ட் சிங்க்’ அழுத்தலாம்.